கோடு விழாத நெசவு

முப்பது வயதில் ஒருவன் தன் பணிக்கால நினைவுகளை எழுத உட்காருவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு வேடிக்கையாக இல்லை. என் முதுகெலும்பின் அடியில் இரண்டு தட்டுகள் இடம் பெயர்ந்துவிட்டன. பத்துக் கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மனிதர்களைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைப்பதையே ஒன்பது ஆண்டுகள் தொழிலாகச் செய்தவனுக்கு அந்தச் சீட்டே ஓய்வு ஆணை. ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் தந்து வழியனுப்பினார்கள்.

எங்கள் பணி இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தாலோ விபத்தாலோ முதுமையாலோ படுத்த படுக்கையாகிவிட்டவர்களை அவர்கள் வீட்டிலேயே சென்று பராமரிக்க ஆரணியில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. சந்தவாசலிலிருந்து பெரணமல்லூர் வரை எங்கள் எல்லை. வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போவோம். உடம்பைத் துடைப்போம், புண் இருந்தால் கட்டுவோம், மற்ற ஆறு நாள்களுக்கு வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவோம்.

இப்போது அங்கே புதிதாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாங்கள் சுமந்த காகிதப் படிவங்கள் போய், அவர்கள் கைக்குச் செயலி வந்திருக்கிறது. சென்ற வாரம் அவர்களில் ஒருவர் அழைத்தார்.

"அண்ணா, எங்க டிரெய்னிங் முடியுது. நீங்க வந்து இருபது நிமிஷம் பேசணும். 'தொண்டில் காணும் இன்பம்'தான் தலைப்பு. உங்கள மாதிரி பேச ஆளே இல்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

அலுவலகத்தில் சொன்னது உண்மைதான். அதனாலேயே மேடைக்கு வராமல் எழுதி அனுப்புகிறேன். காகிதம் கைதட்டாது.

அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது. வராததை நடித்துக் காட்டவும் விருப்பமில்லை. கல்லூரியில் படித்த மூன்றாண்டுகளும் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு எனக்கே வந்தது. இன்பம் ஈட்டுவதிலா, கொடுப்பதிலா என்ற தலைப்பில் ஒரே நாளில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் மறு கட்சிக்கும் பேசி இரண்டிலும் வென்றவன் நான். சொல்லை எங்கே உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தி அவையை மூச்சுவிட வைக்க வேண்டும், எதிரி வாய்தவறி விடும் ஒற்றைச் சொல்லை எப்படிப் பிடித்து அவன் கழுத்திலேயே மாலையாகப் போட வேண்டும் என்பவற்றை முறையாகப் பயின்றிருந்தேன். கொடுப்பதே இன்பம் என்று பேசிப் பேசி ஒருநாள் அதை நானே நம்பிவிட்டேன். பட்டம் வாங்கிய ஆண்டே இந்த வேலையில் சேர்ந்தேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் கஸ்தூரி சிஸ்டர். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குட்டையான உருவம், எண்ணெய் தேய்த்து இறுக்கிய கொண்டை, எப்போதும் ஈரம் காயாத கைகள். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தண்ணீர் எங்கே என்பார். கை கழுவி முடிக்காமல் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். பிறகு கட்டிலருகே குனிந்து, பேச்சே வராத நோயாளியாக இருந்தாலும், "அய்யா, உடம்பத் தொடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

பார்க்கும் வரிசை மாறாது. வாய், பின்னந்தலை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, குதிகால். எலும்பு மெத்தையில் அழுந்தும் இடங்கள் அவை. எங்கேனும் சிவந்திருந்தால் ஒரு விரலால் அழுத்துவார். விரலை எடுத்ததும் வெளுத்துச் சிவந்தால் பிழைத்தோம். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சதை சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தடுக்க உலகத்தில் ஒரே வழிதான் உண்டு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது. இடப்புறம், மல்லாக்க, வலப்புறம். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. விரிப்பில் ஒரு சுருக்கமும் இருக்கக் கூடாது.

அவர் யாரையும் பாராட்டியதில்லை. என் முதல் அறிக்கையில், "நோயாளியின் விழிகளில் நன்றி மலர்ந்தது" என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, "கண்ணில் பீளை. துடைக்கவும்" என்று எழுதித் திருப்பித் தந்தார். அலுவலகமே சிரித்தது. நான் அவரை மன்னிக்கச் சில மாதங்கள் ஆயின. இன்றும் முழுதாக மன்னித்துவிட்டேனா என்பது ஐயம்தான். ஆனால் கணக்குத் தீர்க்க வேண்டிய ஆள் அவரல்லர்.

மூன்றாம் ஆண்டில் முள்ளிப்பட்டுக்கு அனுப்பப்பட்டேன். நோயாளி குப்புசாமி, அறுபதை நெருங்கிய பட்டு நெசவாளர். பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். வீட்டில் இருந்தவர் மனைவி சரோஜா மட்டுமே. கணவன் உட்கார்ந்து நெய்த குழித்தறியில் இப்போது அவர் இறங்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். முதலாளி கொடுத்த பாவு நூல் தறியில் ஏறியிருந்தது. நெய்து கொடுத்தாக வேண்டும்.

குப்புசாமியின் கட்டில் தறி அறையிலேயே கிடந்தது. அறை இருட்டு. காற்றடித்தால் இழை அறுமென்று சன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள். தறிக்குழியிலிருந்து ஈரம் எழுந்து சுவரில் பூத்திருந்தது. தலைக்கு மேல், சேலையில் பூ விழவைக்கும் ஜக்கார்டுப் பெட்டி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து வாரம் போனேன். ஐந்து வாரமும் அவர் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. பயிற்சி பெற்ற தாதி இருக்கும் வீடுகளிலும் காணாத தோல் அது. அந்தத் தோல் ஏன் அப்படி இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்தேன்.

படிவத்தில் 'நோயாளி இருக்கும் அறை' என்றொரு கட்டம் உண்டு. ஒளி, காற்று, தூய்மை என்று மூன்று குறிகள் போட வேண்டும். மூன்றும் இல்லை என்று ஐந்து வாரம் எழுதிச் சலித்த நான் ஆறாம் வாரம் சரோஜாவிடம் பேச்சை எடுத்தேன். தெருப்பக்கத்து அறையில் பெரிய சன்னல் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, கட்டிலை அங்கே மாற்றலாம் என்றேன்.

அவர் ஊடிழை ஓட்டும் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "வேணாம் தம்பி. இங்கயே கிடக்கட்டும். எனக்கு இதான் தோதா கீது."

தோது. எதிரி விட்ட ஒற்றைச் சொல். மூன்றாண்டு மேடைப் பயிற்சி என் நாவில் தானாக எழுந்தது.

"தோது யாருக்கும்மா? படுத்திருக்கிற அவருக்கா, தறியில உக்காந்திருக்கிற உங்களுக்கா?"

சரோஜா வாய் திறந்தார். ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. இருட்டைப் பற்றியும், ஈரத்தைப் பற்றியும், ஒரு காலத்தில் இந்தத் தறியில் உட்கார்ந்து இந்த வீட்டுக்குச் சோறு போட்ட மனிதனுக்கு ஒரு சன்னல் வெளிச்சமாவது நாம் பட்டிருக்கிற கடனல்லவா என்றும் பேசினேன். அக்கம்பக்கத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு வந்து வாசலில் நின்று கேட்டார்கள்.

"இன்னாமா பேசறாரு பாரு. இவரு இன்னும் ரவ நேரம் பேசனா குப்புசாமியே எழுந்து நடந்து போயிடுவாரு" என்றார் ஒருவர்.

"உன் பொண்டாட்டி கையில சொல்லு, உனுக்கும் ஒரு சன்னல் வெப்பா" என்றார் மற்றவர்.

சிரித்துக்கொண்டே அவர்களில் நான்கு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். குப்புசாமியின் இடக்கை தறி மரத்தைப் பிடித்துக்கொண்டது. நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன். சரோஜா குழியிலிருந்து ஏறி வந்து தலையணையைச் சரி செய்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. என்னை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மேடையில் எதிரி மௌனமானால் அதற்கு அதுதான் பொருள்.

அவருடைய கைப்பேசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒலிக்கும்படி அலாரம் வைத்துக் கொடுத்தேன். அடித்ததும் வந்து பக்கம் மாற்றுங்கள் என்றேன். "சரிங்க" என்றார். படிவத்தில் மூன்று குறிகளையும் போட்டேன். "புதிய அறையில் நோயாளி அமைதியாக உள்ளார்" என்றும் எழுதினேன். கஸ்தூரி சிஸ்டர் அதில் ஒன்றையும் அடிக்காமல் கையெழுத்திட்டார். சிவப்பு மை படாத என் முதல் அறிக்கை அது.

மறுவாரம் வியாழக்கிழமை முள்ளிப்பட்டு முறை. அதே வியாழக்கிழமை நான் படித்த கல்லூரியில் ஒரு விழா. முன்னாள் மாணவன் என்று சிறப்புரைக்கு அழைத்திருந்தார்கள். தலைப்பு, நீங்கள் இப்போது தந்திருக்கிற அதே தலைப்பு.

"வியாழக்கெழம முள்ளிப்பட்டு?" என்றார் சிஸ்டர்.

"அங்க எல்லாம் சரியா இருக்குது சிஸ்டர். ரூம் மாத்தியாச்சு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"புதுசா மாத்துன எடம். பாக்க வேணாமா?"

"ஒரு வாரத்துல இன்னா ஆயிடப் போவுது?"

சிஸ்டர் அட்டவணையைப் புரட்டினார். வேறு ஆளும் அன்று இல்லை. "மேடை கூப்புட்டா உனுக்குக் காலு தரையில நிக்காது" என்று சொல்லிவிட்டு அட்டவணையில் ஒப்பமிட்டார்.

அன்று நான் பேசியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. குப்புசாமியைத்தான் எடுத்துக்கொண்டேன். தறிக்குழியின் ஈரத்திலும் இருளிலும் மறக்கப்பட்டுக் கிடந்த ஒரு மனிதனைச் சொன்னேன். நான்கு பேர் தோளில் அவன் ஒளிக்கு வந்ததைச் சொன்னேன். அந்தச் சன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தபோது என் நெஞ்சில் நிறைந்ததே, அதற்கு ஈடான இன்பம் இவ்வுலகில் உண்டா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பயிற்சிப்படி, நிறுத்தினேன். அரங்கம் எழுந்து நின்றது. முன்வரிசையில் ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த இன்பம் உண்மையாகவே என் நெஞ்சில் இருந்தது.

அதற்கடுத்த வியாழக்கிழமை முள்ளிப்பட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதே வாடை வந்தது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை.

கை கழுவினேன். "அய்யா, உடம்பத் தொடப் போறேன்" என்றேன். இடப்புறம் புரட்டினேன். வால் எலும்பின் மேல் எலுமிச்சம்பழ அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. அதைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குச் சிவப்பு. அழுத்தினேன், வெளுக்கவில்லை. கறுப்பின் ஓரம் என் விரலோடு வந்துவிட்டது. உள்ளே குழி. அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

சிஸ்டரை அழைத்தேன். அரை மணியில் வந்தார். காகித அளவுகோலை வைத்து நீளம், அகலம் பார்த்தார். மழுங்கிய குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். செத்த தோலை ஓரம் ஓரமாக வெட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியைத் தளர்வாக நிரப்பி மூடினார். முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகுதான் சரோஜாவிடம் திரும்பினார்.

"அந்த ரூம்ல இருந்தப்போ எப்படிம்மா திருப்பிப் போட்டுகினு இருந்தீங்க?"

மூன்றே நொடியில் கேட்கக்கூடிய கேள்வி. ஏழு வாரத்தில் நான் கேட்கவில்லை. சொல்லப்போனால் அவரும் கேட்கவில்லை.

"அது ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்" என்றார் சரோஜா, ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல. "ஒரு ஜாண் நெய்ஞ்சா துணிய மரத்துல சுத்தணும். சுத்திட்டு அப்படியே ஏறி வந்து அவர ஒரு பக்கம் திருப்பிப் போடுவேன். ஈரம் கீரம் இருந்தா துடைப்பேன். மறுபடி எறங்கி நெய்வேன். இன்னொரு ஜாண் ஆச்சுன்னா மறுபடியும். மணியெல்லாம் பாக்கறதில்ல. கண்ணுக்கு எதுர இருந்தாரு, கை தானா செஞ்சுது."

"இங்க வந்தப்புறம்?"

"அலாரம் அடிக்கறதே காதுல உழல சிஸ்டர், தறி சத்தத்துல. துணிய சுத்துவேன், நிமிருவேன், அந்த எடம் காலியா கீதா, அப்படியே மறுபடி நெய்ய ஆரமிச்சிடுவேன். திடீர்னு நெனப்பு வந்து ஓடியாந்தா பொழுது சாஞ்சிருக்கும்."

"இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னேனே. தோதா கீதுன்னு சொன்னேன். தம்பி, யாருக்குத் தோதுன்னு கேட்டாரு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நாலு பேரு எதுர எனக்கு வெக்கமாப் பூடுச்சு."

சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் எனக்கு எப்போதும் உண்டு. "கட்டிலப் புடி" என்றார். அவ்வளவுதான். நானும் அவரும் சரோஜாவும் அதைத் தறி அறைக்கே இழுத்துப் போட்டோம். படிவத்தில் என் மூன்று குறிகளையும் அடித்துவிட்டு, "தறி அறை. மாற்றக் கூடாது" என்று எழுதினார். பிறகு பழைய தாள்களைப் புரட்டி, முன்பு இட்ட தன் கையெழுத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஐந்து வாரமும் நாள்தோறும் போய்க் கட்டினேன். சரோஜா தறியில் இறங்காமல் அவர் பக்கத்திலேயே இருந்தார். புண் எலும்பைத் தொட்டது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திருப்பி அழைத்து வந்தோம். காய்ச்சல் இறங்கவே இல்லை. ஒரு நண்பகலில் சரோஜா அவருடைய உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. ஐந்து வாரமாக நின்றிருந்த தறி அப்படியே நின்றது. பதினாறு நாள் அதைத் தொடக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம்.

அதன் பிறகும் ஆறாண்டுகள் இந்த வேலையில் இருந்தேன். ஒரு மேடையிலும் ஏறவில்லை என்று சொன்னால் நீங்கள் என்னை உயர்வாக எண்ணக்கூடும். ஏறினேன், பேசினேன், கைதட்டலும் வாங்கினேன். குப்புசாமியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு படிவத்தின் அடியிலும், 'நாங்கள் வருமுன் எப்படிச் செய்துகொண்டிருந்தீர்கள்?' என்ற கேள்வியை என் கையால் எழுதி நிரப்பினேன். உங்கள் செயலியில் அந்தக் கேள்வி இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரித்தேன். 'பிற குறிப்புகள்' என்றொரு பெட்டி இருக்கிறதாம். அதை நிரப்பாமலும் மேலே போகலாமாம்.

தலைப்புக்கு வருகிறேன். தொண்டில் இன்பம் உண்டா? உண்டு. வயிறு நிறைய உண்டு. அந்தக் கல்லூரி மேடையில் நான் குடித்ததுபோல் யாரும் குடித்திருக்க மாட்டார்கள். சரோஜாவின் முகத்தில் ஒருநாளும் அந்த இன்பத்தை நான் காணவில்லை. அன்பு என்ற சொல்லையும் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. துணியைச் சுற்றினார், கணவனைத் திருப்பினார், மறுபடி குழியில் இறங்கினார். அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பெயரில்லாததை ஒரு கேள்வியால் வெட்கப்படவைத்து வெளியேற்றிய பிறகு, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நான் மேடையேறினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து ஆள்கள் கலைந்து, மகனும் வெளியே போன பிறகு சரோஜா தறி அறைக்குள் கூப்பிட்டார். தறிமேல் போர்த்தியிருந்த வேட்டியை எடுத்தார்.

"நாளைக்கு முதலாளி ஆள் அனுப்பறாரு தம்பி, சேல எவ்ளோ ஆயிருக்குன்னு பாக்க. இது சரியா வருமான்னு நீங்க ஒரு பார்வ பாருங்க. எனக்குக் கண்ணே தெரியல."

எனக்குப் பட்டு நெசவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குப் பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை, அதனால் கேட்டார். மரத்தில் சுற்றியிருந்த துணியை மெல்லப் பிரித்து மடியில் வாங்கினார். மாம்பழ நிறம். கடைசியாக நெய்தது முதலில் வந்தது. ஒரு குறையும் இல்லாமல் கண்ணாடிபோல் வழிந்தது. அவர் உள்ளங்கை அதன்மேல் தடையின்றிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அங்கே குறுக்காக ஒரு மெல்லிய கோடு. ஒரு ஜாண் தள்ளி இன்னொன்று. இன்னொரு ஜாண் தள்ளி இன்னொன்று.

"பாதியில எழுந்து போயிட்டு வந்து நெய்ஞ்சா இப்படிக் கோடு உழுந்திடும்" என்றார். விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்து எடுத்தார். "இது ஒருவாட்டி திருப்பிப் போட்டது. இது ஒருவாட்டி. இதுக்கெல்லாம் முதலாளி திட்டுவாரு. அந்தப் பக்கம் பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அது கோடே இல்லாம வந்துக்குது, பாருங்க."

பார்த்தேன். இரண்டு வாரத்து நெசவு. கோடு விழாத இரண்டு வாரம்.

அவர் துணியை மறுபடி மரத்தில் சுற்றினார். சுற்றி முடித்ததும் பழக்கத்தில் தலை கட்டில் கிடந்த பக்கம் திரும்பியது. பிறகு என்னிடம் திரும்பி, வெகு நாளாக மனத்தில் வைத்திருந்ததுபோல் கேட்டார்.

"நடுவுல ஒரு வியாழக்கெழம நீங்க வரலியே தம்பி? தவறாம வர்ற புள்ளையாச்சே, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு அன்னிக்குப் பூரா நெனச்சுகினே இருந்தேன்."

"ஆமாம்மா" என்றேன். "காய்ச்சல்."

"அதான் பாத்தேன். இப்ப கூட மூஞ்சி வாடிப்போய்தான் கீது. இருங்க."

உள்ளே போனார். சுக்குத் தட்டும் ஓசை கேட்டது. ஆவி பறக்க ஒரு டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, முழுவதும் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.